டிசம்பர் 31-க்குள் முடிச்சாகணும்: படிவம் 5695-இன் கதை

போன டிசம்பர்ல ஒரு ராத்திரி, மணி பதினொன்றுக்கு மேல இருக்கும், நியூ ஜெர்சியில இருக்கிற என் பெரியம்மா பொண்ணு போன் பண்ணினாங்க. எங்க தலைமுறையில மூத்தவங்க, எங்க எல்லாருக்கும் அக்கா. இந்த எபிசோடுகளை அவங்க கேட்கிறதே இல்லை, ஆனா என்னைக் கிண்டல் பண்ண மட்டும் ஞாபகம் வச்சுக்குவாங்க.

"நீதான் உலகத்துல இருக்கிற பழைய கதையெல்லாம் பேசுறியே, எனக்கு ஒரு பதில் சொல்லுடா. வீட்டுக்கு ஹீட் பம்ப் போட ஆகஸ்ட்லயே முன்பணம் கொடுத்தேன். இப்போ ஆள் இல்லை, ஜனவரியில வர்றோம்கிறான். டிசம்பர் 31-க்குள்ள மாட்டி முடிக்கலைன்னா ரெண்டாயிரம் டாலர் போச்சு. பணம் கட்டியாச்சு, ரசீது இருக்கு. அப்புறம் என்ன தேதி வேண்டிக்கிடக்கு?"

எனக்கு அப்போ பதில் தெரியாது. தேட ஆரம்பிச்சேன். ரெண்டாயிரம் டாலர்ல ஆரம்பிச்ச தேடல் 1977-ஆம் வருஷத்துக் குளிர்காலத்துல, கம்பளிச் சட்டை போட்டு டிவியில உட்கார்ந்திருந்த ஒரு ஜனாதிபதிகிட்ட போய் நின்னுச்சு. இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதல்ல ரெண்டு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்குவோம். ஹீட் பம்ப்னா நம்ம வீட்டு ஏசியோட அண்ணன். ஏசி வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளும். ஹீட் பம்ப் குளிர்காலத்துல அதையே திருப்பிச் செய்யும், வெளிக் காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவரும். எரிவாயு எரிச்சு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதுக்கப்புறம் தேவையில்லை.

ரெண்டாவது, டேக்ஸ் க்ரெடிட். சம்பளம் வாங்குறவங்களுக்கு 80-சி தெரியும். அது கழிவு. உங்க வருமானக் கணக்குல இருந்து ஒரு தொகையைக் குறைச்சுட்டு, மிச்சத்துக்கு வரி போடுவாங்க. க்ரெடிட் அப்படி இல்லை. வரி எல்லாம் கணக்குப் போட்டு முடிச்ச பிறகு, கட்ட வேண்டிய தொகையில இருந்தே நேரடியா கழிச்சுக்கலாம். 2,000 டாலர் க்ரெடிட்னா கையில 2,000 டாலர் மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை: கழிக்கிறதுக்கு முதல்ல வரி இருக்கணும். இந்த நிபந்தனையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அக்காவுடைய க்ரெடிட்டுக்கு வர்ற படிவத்தின் எண் 5695. அந்த எண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி போனா, முதன்முதல்ல அது வந்தது 1978-ஆம் ஆண்டு வரிக்கணக்குக்கு. இடையில இருபது வருஷம் அதற்கு வேலையே இல்லை. அப்புறம் அதே எண்ணோட திரும்பி வந்தது.

1973 அக்டோபர்ல அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுக்க மாட்டோம்னு தடை போட்டதும், பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டதும் பலருக்குத் தெரிஞ்ச கதை. அதுவரைக்கும் அமெரிக்காவில் வீடு கட்டினவங்க குளிரைப் பற்றிப் பெரிசா கவலைப்படலை. எரிபொருள் மலிவு, சுவர் வெறும் மரச்சட்டம், உள்ளே ஒன்றும் கிடையாது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் அட்டிக், நம்ம ஊர் பரண் மாதிரி, அதுவும் காலி. ஃபர்னஸ் எரிச்ச சூடு நேரா கூரை வழியா வானத்துக்குப் போயிக்கிட்டு இருந்தது.

1976-77 குளிர்காலம் கடுமையானது. கிழக்கு மாநிலங்களில் இயற்கை எரிவாயு போதவில்லை. தொழிற்சாலைகளை மூடினாங்க, பள்ளிக்கூடங்களை மூடினாங்க. அந்த நேரத்துல, 1977 ஜனவரி 20 அன்று ஜிம்மி கார்ட்டர் பதவி ஏற்கிறார். ரெண்டே வாரம் கழிச்சு, பிப்ரவரி 2 அன்று, வெள்ளை மாளிகை நூலகத்தில் கணப்பு அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து டிவியில் பேசுறார். கோட்டு இல்லை, கம்பளி கார்டிகன். வீட்டுல தெர்மோஸ்டாட்டைப் பகல்ல 65 டிகிரி, ராத்திரியில 55 டிகிரின்னு வைங்கன்னு கேட்டுக்கிட்டார். ஃபாரன்ஹீட் கணக்கு. நம்ம கணக்குல பகல்ல 18, ராத்திரியில 13. நாம ஏசியையே 24-ல வச்சுட்டுப் போர்வை போர்த்திக்கிற ஆளுங்க. யோசிச்சுப் பாருங்க.

அந்தக் கார்டிகனை இன்னிக்கு வரைக்கும் கேலி பண்றாங்க. எனக்கு அதுல ஒரு மரியாதை உண்டு. கேட்கிறவர் தானும் போர்த்திக்கிட்டு வந்து கேட்டார்.

ஆனா கேட்டுக்கிட்டா மட்டும் போதாதுன்னு அவருக்கும் தெரியும். ஏப்ரல் 18 அன்று மறுபடி டிவியில் வந்தார். இந்த எரிசக்திப் பிரச்சினை ஒரு போருக்கு நிகரான தார்மீகப் பணின்னு சொன்னார். அது வில்லியம் ஜேம்ஸ் என்ற தத்துவவாதியின் பழைய சொற்றொடர். எதிராளிங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்தாங்க. சேர்த்துப் படிச்சா, மியாவ். பூனை கத்துற சத்தம். மீம் கலாச்சாரம் நம்ம காலத்துல ஆரம்பிச்சதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ரெண்டு நாள் கழிச்சு, ஏப்ரல் 20 அன்று, நாடாளுமன்றத்தில் திட்டத்தை வைக்கிறார். இந்தத் தேதியையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 1985-க்குள்ள அமெரிக்க வீடுகளில் 90 சதவீதத்துக்கு இன்சுலேஷன் போட்டுடணும், 25 லட்சம் வீடுகளில் சூரிய சக்தி வந்துடணும். இது இலக்கு. இதை எப்படி அடையறது? அவருடைய திட்டத்தில் ரெண்டு பக்கம் இருந்தது. ஒரு பக்கம் வலி: உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மேல் புது வரி, சிக்கன இலக்கை நாடு தவறவிட்டா ஏறிக்கிட்டே போகும் பெட்ரோல் வரி. இன்னொரு பக்கம் ஆறுதல்: வீட்டுக்கு இன்சுலேஷன் போடுறவங்களுக்கு வரியில் தள்ளுபடி, சோலார் போடுறவங்களுக்கு இன்னும் பெரிய தள்ளுபடி. எண்ணெய் விலை ஏறினாத்தான் ஜனங்க சேமிப்பாங்க, சேமிக்கிறவங்களுக்குக் கைகொடுக்கத்தான் க்ரெடிட். ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்கு சரியா வரும்.

பதினெட்டு மாசம் இழுத்தது. கீழவையிலேயே பெட்ரோல் வரி விழுந்தது. மற்றதெல்லாம் 1977 ஆகஸ்ட்ல அங்கே தேறி மேலவைக்குப் போச்சு. மேலவையில் நிதிக் குழுத் தலைவர் ரஸ்ஸல் லாங், எண்ணெய் வளம் உள்ள லூசியானா மாநிலத்துக்காரர். கச்சா எண்ணெய் வரி அங்கேயே செத்தது. கடைசியா 1978 நவம்பர் 9 அன்று கார்ட்டர் கையெழுத்துப் போட்டப்போ, அதிகமா பெட்ரோல் குடிக்கிற கார்களுக்கு ஒரு வரியைத் தவிர, வலிக்கிற வரிகள் ஏறக்குறைய எல்லாம் போயிடுச்சு. க்ரெடிட்டுகள் நின்னுச்சு. சித்த வைத்தியர் சூரணத்தைத் தேன்ல குழைச்சுச் சாப்பிடச் சொன்னா, சூரணத்தைக் கொட்டிட்டுத் தேனை மட்டும் நக்கின கதை. என்னைக் கேட்டா, இந்த 48 வருஷக் கதையோட முடிச்சு அங்கேதான் விழுந்தது. வரியைக் கூட்டுறதுக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்க, தள்ளுபடி கொடுக்க எல்லாரும் போடுவாங்க. தள்ளுபடியை நிறுத்துறதும் சுலபம். தேதி போட்டுட்டா அது தானாவே நின்னுடும்.

சரி, 1978 சட்டத்துல என்ன கிடைச்சது? இன்சுலேஷன் மாதிரி வேலைகளுக்கு, முதல் 2,000 டாலர் செலவில் 15 சதவீதம். அதிகபட்சம் 300 டாலர். சின்னதா தெரியுதா? இன்னிக்கு மதிப்புல 1,400 டாலருக்கும் மேல. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி ஜன்னல், கதவிடுக்கை அடைக்கிற பட்டை, விரிசலில் பூசுற பசை, நேரம் பார்த்துத் தானா குறைஞ்சுக்கிற தெர்மோஸ்டாட், இதெல்லாம் பட்டியல்ல உண்டு. திரைச்சீலை, கார்ப்பெட்டுக்குக் கிடையாது. விறகு அடுப்புக்குக் கிடையாது. அப்புறம், அக்காகிட்ட இதைச் சொன்னப்போ அவங்க சிரிச்சாங்க, ஹீட் பம்புக்கும் கிடையாது!

இன்னொரு நிபந்தனை: 1977 ஏப்ரல் 20-க்கு முன்னாடி ஏறக்குறைய கட்டி முடிச்ச வீடா இருக்கணும், செலவு அந்தத் தேதிக்கு அப்புறம் நடந்திருக்கணும். ஏன் அந்தத் தேதி? கார்ட்டர் திட்டத்தை அறிவிச்ச நாள். சட்டம் வரட்டும்னு ஜனங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துடக் கூடாது இல்லையா, அதுக்காக. "இப்பவே போடுங்க, சட்டம் எப்போ வந்தாலும் உங்களுக்கு உண்டு." அந்த ஒன்றரை வருஷச் செலவை மொத்தமா 1978 கணக்கில் எழுதிக்கலாம். அதுக்குத்தான் படிவம் 5695 பிறந்தது. தேதி இந்தக் கதையில முதல்ல வந்தது ஒரு வாக்குறுதியா. அது ஒரு பொறியா மாறுறதுக்கு இன்னும் காலம் இருக்கு.

ஜனங்க போட்டாங்களா? போட்டாங்க. க்ரெடிட்டுக்காக மட்டும் இல்லை, எரிபொருள் பில்லைப் பார்த்துப் பயந்தும்தான். கண்ணாடி இழைப் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வர்ற அளவுக்கு. அந்த அவசரத்துல வேற ஒண்ணும் வந்தது. சுவருக்குள்ளே குழாய் வழியா நுரையா பீய்ச்சுற ஒரு இன்சுலேஷன், யூரியா ஃபார்மால்டிஹைடு. சுவரை உடைக்க வேண்டாம், சின்ன ஓட்டை போதும், சில மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும். லட்சக்கணக்கான வீடுகளில் போட்டாங்க. அப்புறம் சில வீடுகளில் கண் எரிச்சல், மூக்கு எரிச்சல், தலைவலின்னு புகார் வர ஆரம்பிச்சது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1982-ல தடை போட்டது. 1983-ல ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆதாரம் போதாதுன்னு அந்தத் தடையை ரத்து பண்ணிச்சு. ஆனா அதுக்குள்ள அந்த நுரை போட்ட வீட்டை விற்கப் போனா வாங்குறவங்க முகம் சுளிக்கிற நிலைமை வந்துடுச்சு. அரசாங்கம் ஒரு பொருளை வாங்கச் சொல்லி உற்சாகப்படுத்துறப்போ, அந்தப் பொருளைச் சரிபார்க்கிற ஆளையும் கூடவே அனுப்பணும். அந்த ஆள் அப்போ கொஞ்சம் லேட்டா வந்தார்.

சோலார் பக்கம் க்ரெடிட் பெரிசாச்சு. 1980-ல 40 சதவீதம், 10,000 டாலர் செலவு வரைக்கும், அதாவது 4,000 டாலர் வரை. இது மின்சாரத் தகடு இல்லைங்க, பெரும்பாலும் தண்ணீர் சுட வைக்கிற தகடு. 1979 ஜூன் 20 அன்று வெள்ளை மாளிகைக் கூரையிலேயே கார்ட்டர் 32 தகடுகளைத் திறந்து வச்சார். அன்னிக்கு அவர் பேசினதுல ஒரு வரி, இது ஒருநாள் அருங்காட்சியகப் பொருளா ஆனாலும் ஆகலாம்கிற மாதிரி. அவர் வாய் முகூர்த்தம்! 1986-ல கூரை பழுது பார்க்கிறப்போ, ரேகன் ஆட்சியில, கழட்டினாங்க, திரும்ப மாட்டலை. ரொம்ப வருஷம் கழிச்சு அதுல ஒண்ணு நிஜமாவே வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போச்சு. இன்னொண்ணு சீனாவுல ஒரு சோலார் கம்பெனியோட அருங்காட்சியகத்துக்கு.

க்ரெடிட்டும் அப்படித்தான். சட்டத்துல போட்டிருந்த முடிவுத் தேதி 1985 டிசம்பர் 31. யாரும் நீட்டிக்கலை. அடுத்த வருஷமே கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிஞ்சது. க்ரெடிட்டை நம்பி வளர்ந்த சோலார் வாட்டர் ஹீட்டர் கம்பெனிகள் ஒண்ணொண்ணா மூடிச்சு. கூரையில தகடு இருந்தது, பழுதானா சரிபண்ண ஆள் இல்லை.

அந்த க்ரெடிட் பலன் கொடுத்ததான்னு பொருளாதாரக்காரங்க ரொம்ப நாள் சண்டை போட்டாங்க. 1989-ல ஒரு ஆய்வு, பலனே இல்லைன்னது. 1995-ல ஹாசெட், மெட்காஃப்னு ரெண்டு பேர், ஒரே குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தா பலன் தெரியுதுன்னு எழுதினாங்க. சண்டைக்கு உள்ளே இருக்கிற கேள்வி ரொம்ப எளிமையானது. தள்ளுபடி இல்லாட்டியும் இவர் இன்சுலேஷன் போட்டிருப்பாரா? ஆமான்னா, அரசாங்கம் அவருக்குச் சும்மா பணம் கொடுத்திருக்கு.

இருபது வருஷம் இந்தப் பேச்சே இல்லை. 2005 ஆகஸ்ட் 8 அன்று ஜார்ஜ் புஷ் ஒரு எரிசக்திச் சட்டத்தில் கையெழுத்துப் போட, படிவம் 5695 திரும்பி வந்தது. இந்தத் தடவை ரொம்பக் கஞ்சத்தனமா: 10 சதவீதம், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 500 டாலர், அதுல ஜன்னலுக்கு 200 டாலர்தான். ஃபர்னஸுக்குள்ள இருக்கிற நல்ல விசிறிக்கு 50 டாலர். 2006, 2007 ரெண்டு வருஷத்துக்குத்தான்.

இங்கேதான் எனக்குத் தலை சுத்துச்சு. கொஞ்சம் மெதுவா கேளுங்க.

2007 முடிஞ்சதும் காலாவதி. 2008-க்குக் கிடையவே கிடையாது. அந்த வருஷம் ஜன்னல் மாத்தினவங்களுக்குக் கடைசி வரைக்கும் எதுவும் வரலை. 2009-ல ஒபாமா வந்து, பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துற சட்டத்துல 30 சதவீதம், ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து 1,500 டாலர்னு பெரிசாக்கினார். 2011-ல திரும்பப் பழைய 10 சதவீதம், 500 டாலர். 2011 கடைசியில காலாவதி. 2012 முழுக்க க்ரெடிட் இல்லை. ஆனா 2013 ஜனவரி 2 அன்று ஒரு சட்டம் போட்டு, 2012-க்கும் உண்டுன்னாங்க! 2013 கடைசியில மறுபடி காலாவதி. 2014 டிசம்பர் 19 அன்று ஒரு சட்டம், 2014-க்கு உண்டு. எப்போ வரைக்கும்? டிசம்பர் 31 வரைக்கும். பன்னிரண்டு நாள். அதுக்கப்புறமும் இதே கதை. 2017-க்கான க்ரெடிட்டுக்குச் சட்டம் வந்தது 2018 பிப்ரவரியில. அந்தச் சட்டம் பிறக்கும்போதே அது கொடுத்த சலுகை காலாவதி ஆகியிருந்தது.

முடிஞ்சு போன வருஷத்துக்கு ஊக்கத்தொகை அறிவிச்சா யாரை ஊக்கப்படுத்துறோம்? போன வருஷம் ஜன்னல் மாத்தினவர் ஏற்கனவே மாத்திட்டார். மாத்தாதவர் இனிமே போன வருஷத்துக்குப் போய் மாத்த முடியாது. 1977-ல தேதியைப் பின்னாடி தள்ளினாங்களே, அது வேற. அன்னிக்குத் தேதியை முன்கூட்டியே சொன்னாங்க, ஜனங்க அதை நம்பி வேலை பார்த்தாங்க. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. விற்கிற கடைக்காரனுக்கும் தெரியாது. "இருக்கலாம் சார், வந்தாலும் வரும்"னு சொல்லி எத்தனை ஜன்னல் விற்க முடியும்?

சரிபார்க்கிற ஆள் இந்தத் தடவையும் லேட்டு. 2011-ல வரித்துறையின் மேற்பார்வை அதிகாரி ஒரு அறிக்கை விட்டார். க்ரெடிட் கேட்கிறவருக்கு வீடு இருக்கான்னு பார்க்கிற வழியே வரித்துறைகிட்ட இல்லை. வாங்கினவங்க பட்டியல்ல சிறையில இருந்த கைதிகள் இருந்தாங்க, வயசு வராத பிள்ளைகளும் இருந்தாங்க.

இதைவிட என்னை உறுத்தினது வேற ஒரு கணக்கு. பெர்க்லியில போரன்ஸ்டைன், டேவிஸ்னு ரெண்டு பேராசிரியர்கள் 2006-லிருந்து வந்த வரிக்கணக்குகளை எடுத்துப் பார்த்தாங்க. இந்த இன்சுலேஷன், சோலார், மின்சாரக் கார் க்ரெடிட்டுகள் எல்லாம் யாருக்குப் போச்சு? வருமானத்தில் மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்கு ஜனங்களுக்கு ஏறக்குறைய 60 சதவீதம். கீழே இருக்கிற ஐந்தில் மூன்று பங்கு ஜனங்களுக்கு, எல்லாருக்கும் சேர்த்து, 10 சதவீதம் சுமார். ஞாபகம் வைக்கச் சொன்ன நிபந்தனை இதுதான்: கழிக்கிறதுக்கு வரி இருக்கணும். ஓய்வூதியத்துல வாழுற பாட்டி, காற்று புகுற பழைய வீட்டுல நடுங்கிக்கிட்டு இருந்தாலும், அவங்க கட்ட வேண்டிய வரி பூஜ்யம்னா க்ரெடிட்டும் பூஜ்யம். அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடவும் முடியாது. முதல்ல முழுப் பணத்தையும் கையில இருந்து போடணும்கிறது தனி.

இதுக்கு வேற வழி இல்லையான்னா, இருந்தது, 1976-லேயே. கார்ட்டருக்கு முன்னாடி ஃபோர்டு காலத்துல வந்த திட்டம், இன்னிக்கும் ஓடுது. ஏழைக் குடும்பமா, ஆட்களே வீட்டுக்கு வந்து பஞ்சு விரிச்சு, இடுக்கு அடைச்சுக் கொடுத்துட்டுப் போவாங்க. படிவமும் க்ரெடிட்டும் கிடையாது. அதுல வரிசை நீளம், பணம் கம்மி. செய்தியிலயும் வராது.

2022 ஆகஸ்ட் 16 அன்று பைடன் கையெழுத்துப் போட்ட சட்டம், இந்த ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தது. வாழ்நாள் 500 டாலர்ங்கிறது போய், வருஷா வருஷம் 30 சதவீதம். இன்சுலேஷன், ஜன்னல் வகையறாவுக்கு வருஷத்துக்கு 1,200 டாலர், ஹீட் பம்புக்குத் தனியா 2,000 டாலர். 1978-ல பட்டியல்லயே இல்லாத ஹீட் பம்ப் இப்போ முதல் வரிசையில. முக்கியமா, 2032 கடைசி வரைக்கும் உண்டு. பத்து வருஷம்! இந்த வருஷம் கூரை, அடுத்த வருஷம் ஜன்னல், அதுக்கடுத்த வருஷம் ஹீட் பம்ப்னு நிதானமா திட்டம் போடலாம். 2023 கணக்குல மட்டும் இந்த வீட்டு க்ரெடிட்டுகளைச் சோலாரும் சேர்த்து 34 லட்சம் குடும்பங்கள் வாங்கினாங்க, 840 கோடி டாலர். வருமானம் குறைஞ்சவங்களுக்குக் கடையிலேயே விலையைக் குறைக்கிற தள்ளுபடிக்கும் அந்தச் சட்டத்துல பணம் ஒதுக்கினாங்க. அதை மாநிலங்கள் வழியா கொடுக்கணும்னு வச்சதால அது ஆமை வேகத்துல நகர்ந்தது.

அக்கா அந்தப் பத்து வருஷத்தை நம்பித்தான் திட்டம் போட்டிருந்தாங்க. ரெண்டாவது பையன் காலேஜ் சேர்ற செலவு முடியட்டும், 2027-ல ஹீட் பம்ப்னு. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்ட சட்டம் 2032-ஐ அழிச்சுட்டு 2025 டிசம்பர் 31-னு எழுதிச்சு. ஏழு வருஷம் காணோம். பெரிய சட்டம், அதுல இது சின்ன மூலை. செய்தியைப் படிச்ச அன்னிக்கே அக்கா ஆள் தேட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க ஊர்ல எல்லாரும் அதே நேரம் தேடினாங்க, அதுதான் சிக்கல்.

அவங்க கேட்ட கேள்விக்கு பதில்: பணம் கட்டின தேதிக்கு மதிப்பே இல்லை. பொருள் வீட்டுல மாட்டி, ஓடுற நிலைமைக்கு வந்த நாள்தான் கணக்கு. ரசீதுல ஆகஸ்ட்னு இருந்தாலும், மாட்டினது ஜனவரின்னா அது 2026. 2026-க்கு க்ரெடிட் கிடையாது. வரித்துறை இதைத் தெளிவாவே எழுதி வச்சிருக்கு. சொன்னேன். மறுமுனையில கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அப்போ அவன்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்," அப்படின்னாங்க.

ஆட்கள் ஜனவரி 9 அன்று வந்தாங்க. மொத்தம் 14,000 டாலர். 30 சதவீதம்னா 4,200, உச்சவரம்பு 2,000. ஒன்பது நாள் வித்தியாசத்துல அந்த 2,000 போச்சு. அந்தக் கம்பெனி பேர் வேண்டாம். அவங்க வேணும்னு பண்ணலை, அந்த டிசம்பர்ல ஒவ்வொரு கம்பெனி வாசல்லயும் இப்படித்தான் வரிசை நின்னிருக்கும்.

ஆனா அக்டோபர்ல அக்கா அட்டிக்குக்குப் புது இன்சுலேஷன் போட்டிருந்தாங்க. பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உட்கார்ந்து ரெண்டு பேரும் 5695-ஐ நிரப்பினோம். பில் 2,900 டாலர். முழுசுக்கும் 30 சதவீதம் போடப் போனேன். அப்புறம் குறிப்பைப் படிச்சா, இன்சுலேஷனுக்கு ஆள்கூலி சேராது, பொருள் விலை மட்டும்தான். ஹீட் பம்புக்குக் கூலியும் சேரும், இதுக்குச் சேராது. ஏன்னு கேட்காதீங்க. நல்லவேளை பில்லுல பிரிச்சுப் போட்டிருந்தாங்க, பொருள் 1,800. க்ரெடிட் 540 டாலர்.

நிரப்பி முடிச்சதும் அக்கா அட்டிக்குல எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்பினாங்க. 1962-ல கட்டின வீடு. புதுப் பஞ்சுக்குக் கீழே, மூலையில, தட்டையா நசுங்கிப் போன பழைய மஞ்சள் பஞ்சு ஒண்ணு எட்டிப் பார்க்குது. எந்தக் காலத்துல யார் விரிச்சாங்களோ.

"இதைப் போட்டவங்க அந்த 300 டாலரை வாங்கியிருப்பாங்களாடா?"

"1977 ஏப்ரல் 20-க்கு அப்புறம் போட்டிருந்தா, வாங்கியிருப்பாங்க."

"அதுக்கு ஒரு வாரம் முன்னாடி போட்டிருந்தா?"

"உன்னை மாதிரி யாருக்காவது போன் பண்ணித் திட்டியிருப்பாங்க."